குவாண்டம் ஒளியியலில் ஆய்வு இடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் முனைவர் பட்ட ஆய்வுக்கான நெட், ஜெஸ்ட் தகுதித் தேர்வு முடிவுகள் வந்தபின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியைச் சேர்ந்த எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் சிலர், குவாண்டம் ஒளியியலில் (ஒளியை ஃபோட்டான் எனும் ஒளித்துகள் அளவில் ஆராயும் துறை) ஆய்வு இடம் தேடி என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசி நாளைத் தவறவிடுவது, எழுத்துப் பிழையோடு விண்ணப்பிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

ஆய்வகத்தின் நிலையை அறியாமல் சேர்வது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். அரூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், நல்ல மதிப்பெண்ணும் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் பெற்றவர், நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். உள்ளே போனபின்தான் ஒளியியல் கருவிகளைப் பொருத்தும் மேசையான ஆப்டிகல் டேபிள் வெறுமையாக இருப்பதைக் கண்டார். லேசருக்கான கொள்முதல் கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. ஒற்றை ஃபோட்டான் உணர்விகள் அதற்கும் பின்னால் வந்தன. உதவித்தொகையோ ஜே.ஆர்.எஃப்., அதற்கடுத்த முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான். மூன்றாம் ஆண்டு முடியும்போது அவர் கையில் ஓர் அளவீடுகூட இல்லை.

இத்துறையில் கருவி வந்துவிட்டால் மட்டும் போதாது. 405 நானோமீட்டர் அலைநீள லேசரை பிபிஓ எனும் படிகத்தில் செலுத்தினால், மிக அரிதாக ஒரு ஃபோட்டான் 810 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இரண்டு ஃபோட்டான்களாகப் பிரியும். அந்த இரண்டையும் ஒளிக்கற்றைப் பிரிப்பானில் ஒரே கணத்தில் சந்திக்க வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாக வெளியேறும் என்பதை 1987இல் ஹாங், ஓ, மண்டல் ஆகிய மூவரும் காட்டினார்கள். பாடநூலில் இது அரைப் பக்கம். ஆய்வகத்தில், இரு பாதைகளின் நீளமும் சில பத்து மைக்ரோமீட்டருக்குள் ஒத்துவரும் வரை திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே கோயின்சிடென்ஸ் எண்ணிக்கை (இரு உணர்விகளும் ஒரே கணத்தில் ஃபோட்டானைப் பதிவுசெய்யும் எண்ணிக்கை) சரிகிறதா என்று திரையைப் பார்த்திருக்க வேண்டும். இயங்கும் ஆய்வகத்தில் இந்தக் கைப்பழக்கத்தை மூத்த மாணவர் பக்கத்தில் நின்று கற்றுத்தருவார். வெற்று மேசையில் அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

புதிய ஆய்வகத்தில் சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பியவர்களுக்குப் பிற்காலத்தில் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மேசையில் இப்போது எந்தச் சோதனை ஓடுகிறது, கருவிக்கான பணம் ஒதுக்கப்பட்டுவிட்டதா அல்லது விண்ணப்பத்தில்தான் இருக்கிறதா, கடைசியாகப் பட்டம் பெற்ற மாணவர் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். பேராசிரியரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அது மரியாதைக் குறைவே அல்ல. நல்ல வழிகாட்டி இதை வரவேற்பார். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். இராமன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் அங்கேதான் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, காலையில் பேருந்தேறிப் போய் ஆய்வகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

குவாண்டம் என்றாலே கணினி என்று எண்ணுவது

குவாண்டம் என்றால் கணினி மட்டுமல்ல. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் சென்னை ஐ.ஐ.டி. குவாண்டம் தகவல்தொடர்பையும் மும்பை ஐ.ஐ.டி. உணர்தல், அளவியலையும் கவனிக்கின்றன. ஒளியியல் படித்தவர்களுக்கு இவ்விரண்டிலும் இடம் உண்டு.

பரிந்துரைக் கடிதம்

பதவியில் பெரியவரிடம் கேட்காதீர்கள்; உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுவோர் நாளைக் கணக்கிடாமல் இருப்பது

முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்தே தகுதிக்காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் முதுமுனைவர் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; ஐரோப்பாவின் மேரி கியூரி முதுமுனைவர் உதவித்தொகைக்கு எட்டு ஆண்டுகள் வரை இடமுண்டு. பின்னதில் இன்னொரு விதியும் இருக்கிறது: எந்த நாட்டில் பணியாற்ற விண்ணப்பிக்கிறீர்களோ அந்த நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தோ வேலை பார்த்தோ இருக்கக் கூடாது. முதலில் குறுகிய ஒப்பந்தத்தில் அந்நாட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று திட்டமிடுவோர் இந்த விதியை முதலில் படிக்க வேண்டும்.