ஊர்ப் புலவரின் நினைவுச் சின்னங்களைத் தேடிப் படிக்கும் முறை

செட்டிநாட்டில் சிலையும் மணிமண்டபமும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பெரியோர்களுக்கே வாய்த்தவை. காரைக்குடியில் கண்ணதாசனுக்கு மணிமண்டபம் உண்டு. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் பிள்ளைகளுக்கு நிகண்டும் நன்னூலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பதிகமும் அந்தாதியும் பாடிய வாத்தியாருக்கு அவருடைய ஊரில் இருப்பது ஒரு சமாதி மேடையோ, விளக்கு மாடமோ, ஊருணிக் கரையில் ஒரு கல்லோதான். அத்தகைய சின்னங்களைக் கண்டுபிடித்து, பிழையின்றிப் படித்து, பதிவு செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

தேடலை வயற்காட்டில் தொடங்காமல் நூலகத்தில் தொடங்குவதே நல்லது. இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835-இல் நீங்கிய பிறகு வெளிவந்த தமிழ் நூல்களில் முகப்புப் பக்கமும், நூலைப் பாராட்டிப் பிறர் பாடிய சிறப்புப்பாயிரமும், சாற்றுகவிகளும் ஒரு புலவரின் ஊர், ஆசிரியர், மாணாக்கர், பொருளுதவி செய்தவர் ஆகிய விவரங்களைப் பெரும்பாலும் தந்துவிடும். புலவர் தாமே நூல் வெளியிடாவிட்டாலும் பிறர் நூலுக்குச் சாற்றுகவி கொடுத்திருப்பார். ஆகவே ஆசிரியர், மாணாக்கர் தொடர்பைப் பற்றிக்கொண்டு போக வேண்டும். தேவகோட்டைப் புலவர் வீர.லெ. சின்னயச் செட்டியாரைத் தேடுபவர் அவருக்குத் தமிழ் கற்பித்த வன்றொண்டரையும் சேர்த்தே தேடுவது அதனால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களைக் கொண்டு அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னைத் தரமணியில் இருக்கிறது. புதுக்கோட்டை ஞானாலயா நூலகமோ நமக்கு இன்னும் அருகில்.

ஊருக்குள் போனபின் "புலவர் நினைவுச் சின்னம் எங்கே?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "ஆச்சி, பாட்டுக் கட்டுகிற வாத்தியார் ஒருவர் இங்கே இருந்தாராமே, அவருக்கு எந்த இடத்தில் விளக்குப் போடுவார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வயதான பெண்களுக்கு விளக்குப் போடும் இடங்கள் தெரிந்த அளவுக்கு ஆண்களுக்குத் தெரிவதில்லை என்பது என் அனுபவம். குருபூசை நடக்கிறதா என்று கேட்டு, நாளைக் குறிக்கும்போது மாதத்தையும் நட்சத்திரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறிவிடும். புலவர் நகரத்தார் குடும்பத்தவராயின் அவருடைய வழியினர் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் அவர் பெயரைச் சொல்லிப் படைக்கிறார்களா என்பதையும் கேட்கலாம். நாட்டரசன்கோட்டையில் கம்பருடையது என்று போற்றப்படும் சமாதி இத்தனை நூற்றாண்டுகளாக நினைவில் இருப்பதற்கு, மக்கள் அதை வழிபாட்டிடமாக வைத்திருப்பதே காரணம் என்று எண்ணுகிறேன்.

கல் கிடைத்துவிட்டால் அவசரப்படாதீர்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது பாருங்கள், அல்லது கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படமெடுங்கள். பழைய வெட்டுகளில் புள்ளி இராது. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். எண்களில்தான் பெரிய குழப்பம். தமிழ் எண் ௧ 'க'வைப் போலவும், ௭ 'எ'யைப் போலவும், ௮ 'அ'வைப் போலவும் இருக்கும். நான் ஒருமுறை ௭-ஐ எழுத்தாகக் கொண்டு ஒரு வரியை வாரக்கணக்கில் தவறாகவே படித்துக்கொண்டிருந்தேன். ௲௮௱௭௰௬ என்றிருந்தால் அது 1876. ௵ ஆண்டையும் ௴ மாதத்தையும் ௳ நாளையும் குறிக்கும்.

வெறும் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறவாதீர்கள். தாது என்றால் 1816, 1876, 1936 மூன்றுமே ஆகலாம். எது என்பதை அச்சு நூலும் குடும்பத் தலைமுறைக் கணக்கும்தான் தீர்மானிக்கும். தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால் மார்கழிப் பிற்பாதியிலிருந்து பங்குனி வரையிலான நாள்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது யுவ ஆண்டுத் தை மாதம். யுவ பிறந்தது 1875-இல் என்றாலும் அவர் மறைந்த நாள் 1876 பிப்ரவரி 1. சக ஆண்டு இருந்தால் 78-ஐக் கூட்டுங்கள். கலியாண்டில் 3101-ஐக் கழியுங்கள். இரண்டிலும் ஓராண்டு முன்பின் ஆகலாம்.

இனி, கல்லில் உள்ளதை அப்படியே நம்பலாமா என்ற கேள்வி. இத்தகைய கற்கள் பெரும்பாலும் புலவரைப் பற்றிச் சொல்வதைவிட, வைத்தவரைப் பற்றியே அதிகம் சொல்கின்றன. உபயதாரர், அதாவது செலவு செய்து கல் வைத்தவர், பெயரின் முன்னுள்ள விலாச எழுத்துகளை ('வீர.லெ.' போன்ற முதலெழுத்துகளை) ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டால், எந்த வீட்டார் எந்தத் தலைமுறையில் செய்த திருப்பணி என்று ஊரில் விசாரித்து அறியலாம். எழுத்தின் வடிவும் காலம் சொல்லும்: 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, 'ணை', 'லை', 'னை' எழுத்துகள் பழைய துதிக்கை வடிவிலன்றி இன்றைய வடிவில் இருந்தால் அந்தக் கல் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. அதில் உள்ள பிறந்த ஆண்டு, சமாதி கண்டபோது எழுதியதன்று. பின்னால் வந்தவர்கள் கேட்டு எழுதியது.

துப்புரவு செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பாசியைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு மெல்ல நீக்கினால் போதும். கம்பித் தூரிகை, அமிலம் இரண்டும் கூடாது. எழுத்துப் பள்ளங்களில் எனாமல் பெயின்ட் ஊற்றுவதோ அதைவிடக் கொடுமை, ஏனெனில் பெயின்ட் அடிப்பவர் தமக்குப் புரிந்ததையே எழுதிவிடுவார். சுண்ணாம்புக் காரையால் கட்டிய மேடையைச் சிமெண்டால் பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் காரை உதிரும். பழுது பார்ப்பதானால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே அழையுங்கள்.

சமாதி தனியார் தோப்பில் இருந்தால் உரியவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் தெரிந்துகொண்டு குறிப்பில் சேருங்கள். தோப்பு கைமாறினாலும் இடத்தை அடையாளம் காட்ட அது உதவும். கல்லில் உள்ளதை வரிக்கு வரி, பிழையைத் திருத்தாமல் எழுதி, உங்கள் வாசிப்பைத் தனியே கீழே எழுதுங்கள். படங்களோடு ஒரு படியை ஊர்ப் பள்ளியிலும், ஒன்றை உபயதாரர் வீட்டாரிடமும், ஒன்றை நீங்கள் முதலில் நூல் தேடிய நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.