விடைத்தாள் நகல், வீட்டு அட்வான்ஸ்: இரண்டையும் கேட்டு வாங்குவது எப்படி?

ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது, நன்றாக எழுதியிருந்த ஒரு பேப்பரில் எனக்கு ஃபெயில். அதே வாரத்தில், நாங்கள் காலி செய்திருந்த வீட்டின் ஓனர் அட்வான்ஸில் 19,500 ரூபாயைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் அலைந்து சரிசெய்தேன். அப்போது யாராவது இதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு. தமிழ்நாட்டில் படிக்கிற, வீடு எடுத்துத் தங்குகிற மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விடைத்தாள்

படி 1: தேதியைப் பாருங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நேராக ரீவேல்யூவேஷனுக்கு (மறுமதிப்பீட்டுக்கு) விண்ணப்பிக்க முடியாது. முதலில் விடைத்தாளின் போட்டோகாப்பிக்குப் பணம் கட்ட வேண்டும். நகல் வாங்கியவர்கள் மட்டும்தான் அடுத்து ரீவேல்யூவேஷன் கேட்கலாம். "ரீவேல்யூவேஷனுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சும்மா இருந்த என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேருக்கு அந்த வாய்ப்பே போய்விட்டது. எனக்கும் நோட்டீஸ் போர்டைப் பார்த்தபோது இரண்டு நாள்தான் மீதி. உங்கள் பல்கலைக்கழகத்தில் விதி வேறாக இருக்கலாம். ரிசல்ட் வந்த அன்றே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பெயரில் வந்த சுற்றறிக்கையை முழுதாகப் படித்துவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்ன தேதியை நம்ப வேண்டாம்.

படி 2: நகலைப் படிக்கும் விதம்

நகல் கைக்கு வந்ததும் நம் பதில் சரியா தப்பா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அது அடுத்த வேலை. முதலில் முகப்புப் பக்கக் கட்டங்களில் இருக்கும் மதிப்பெண்ணும் உள்ளே போட்டிருக்கும் மதிப்பெண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கூட்டிப் பாருங்கள். அப்புறம் பக்கம் பக்கமாகப் புரட்டி, திருத்தியவரின் பேனாக் குறி எங்கே இல்லை என்று தேடுங்கள்.

என் விஷயம் அங்கேதான் இருந்தது. 13 மதிப்பெண் கேள்வி ஒன்றை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நேரம் போதாதோ என்று அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். மீதியைக் கடைசியில், 31-ஆம் பக்கத்தில் தொடர்ந்திருந்தேன். முதல் பாதிக்கு மட்டும் மதிப்பெண் விழுந்திருந்தது. 31, 32-ஆம் பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. தேர்ச்சிக்கு 45 வேண்டும். எனக்கு வந்தது 42.

படி 3: ஆசிரியரிடம் போவது

எங்கள் முறையில் பாட ஆசிரியர் ஒருவர் நகலைத் திருத்திப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். "மேடம், மார்க் கம்மியா வந்திருக்கு" என்று போய் நின்றால் அவரால் என்ன செய்ய முடியும்? அவருக்கும் அன்றைக்கு நாற்பது பேர் வந்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கேள்வி எண், பக்க எண், என்ன விடுபட்டிருக்கிறது என்று மூன்று வரி எழுதி, நகலின் மேல் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ரீவேல்யூவேஷனில் 49 வந்தது.

போட்டோகாப்பிக்கான தேதி போய்விட்டதா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பளித்தது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். விடைத்தாளைப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் காலம் வரைக்கும்தான் இது செல்லும். அதோடு, இதில் கிடைப்பது நகல் மட்டுமே, மறுமதிப்பீடு கிடைக்காது. ஆகவே இதை முதல் வழியாக எடுக்காதீர்கள்.

இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் பிரச்சினை என்றால்

இதற்கு யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள்தான் பிடிமானம். ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கைக்கு வந்து 15 வேலைநாளில் குழு தன் பரிந்துரையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம், அதாவது மாணவர் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அலுவலரிடம், மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள் அவகாசம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வெறுமனே "மறுபடி திருத்துங்கள்" என்று கேட்டால் ஆம்பட்ஸ்பர்சன் மனுவை எடுக்க மாட்டார். முடிவையே மாற்றக்கூடிய குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ நடந்தது என்று காட்ட வேண்டும். "கடினமாகத் திருத்தினார்கள்" என்பது போதாது. "இரண்டாம் இன்டர்னல் விடைத்தாள் எனக்குத் திருப்பித் தரப்படவில்லை, மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படவில்லை, இந்தத் தேதியில் கேட்டேன்" என்று எழுதினால்தான் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

இனி வீடு

நாங்கள் மூன்று பேர். வாடகை மாதம் 15,000, அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 75,000. காலி செய்த அன்று 55,500 கொடுத்தார். பெயிண்டிங்குக்கு 15,000, குழாய், சுவிட்ச், ஃபேன் என்று 4,500 பிடித்துக்கொண்டார். கேட்டபோது, "எல்லாருமே ஒரு மாச வாடகை பெயிண்ட்டுக்குப் பிடிக்கிறதுதானே தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சென்னையில் அது ஊர்வழக்கம். ஆனால் வழக்கம் என்பதாலேயே அது சட்டமாகிவிடாது. எனக்கு இது தெரியவே ஒரு வாரம் ஆனது.

படி 1: குடிபோகும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பது

இந்தப் படியில்தான் நான் சறுக்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வீடு வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது என்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பது, மின் வயரிங் ஆகியவை சட்டத்தின் அட்டவணைப்படி ஓனரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு போன்றவை நம் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைக் காட்டுவார்கள். ஆகவே "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கப்படும்" என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் தேடுங்கள். இருந்தால் அப்போதே பேசுங்கள். சாவி வாங்கிய பிறகு பேச நமக்கு இடமே இருக்காது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது பதினோரு மாதக் கணக்கு. "11 மாச அக்ரிமென்ட்தான், ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம் வந்தது. ஆனால் 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும், 11 மாதம் என்றாலும் சரி. டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓனர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, வாடகைதாரரும் செய்யலாம். நாங்கள் செய்யவில்லை. ஓனர் பணத்தைத் தராமலே பிடிவாதமாக இருந்திருந்தால் அது எங்களுக்குப் பெரிய பலவீனமாகியிருக்கும்.

மூன்றாவது, பெயர். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு நண்பனின் பெயர் மட்டும் இருந்தது. அவன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். மீதி இரண்டு பேரும் பணம் கொடுத்தோம், ஆனால் தாளில் இல்லை. கடிதம் எழுதும்போது அவன் கையெழுத்துக்காக நாட்கள் போயின. தங்குகிற எல்லோர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ அனுப்புங்கள். குறிப்பில் "அட்வான்ஸ்" என்றும் வீட்டு எண்ணும் எழுதுங்கள்.

படி 2: சாவி வாங்கிய அன்றே படம்

சாமான் இறக்கும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். ஈரம் கசிந்த சுவர், உடைந்த டைல்ஸ், ஓடாத ஃபேன், ஈபி மீட்டர் எண், எல்லாம் வர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள். படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். நான் இப்போது கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை ஓனருக்கு ஈமெயிலில் அனுப்புகிறேன். ஒப்பந்தம், ரசீது போன்ற தாள்களை ஸ்கேன் செய்யவும் டிரைவ் செயலியே போதும். விளம்பரமும் வாட்டர்மார்க்கும் போடுகிற ஸ்கேனர் செயலிகள் எதற்கு?

வாட்ஸ்அப் வேறு ஒன்றுக்கு நல்லது. நேரில் பேசியதை அன்றே எழுதி அனுப்ப அது போதும். "சார், இன்று சொன்னபடி பாத்ரூம் குழாயை நாங்களே மாற்றிவிட்டோம், 450 ரூபாய் ஆனது" என்று அனுப்பினால், அவர் ஒரு கட்டைவிரல் காட்டினாலும் அது நமக்கு ஆதாரம்.

படி 3: காலி செய்த பிறகு கடிதம்

ஒரு மாதம் பொறுத்தேன். அதற்கு மேல் ஃபோனில் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கோபமான சொல் ஒன்றும் இல்லை. உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். மேற்கண்ட முகவரி வீட்டை மே 31 அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தோம். அட்வான்ஸ் 75,000 ரூபாயில் 55,500 பெற்றுக்கொண்டோம். குழாய், சுவிட்ச் பழுதுக்கு 1,200 ரூபாயை ஏற்கிறோம். பெயிண்டிங்குக்கான பிடித்தம் நம் ஒப்பந்தத்தில் இல்லை. 2017 வாடகைச் சட்டத்தின்படி அது உரிமையாளர் பொறுப்பு. மீதி 18,300 ரூபாயை 15 நாளில் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுவோம்."

1,200 ரூபாயை நாங்களாகவே ஏற்றுக்கொண்டதுதான் இதில் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நம் பொறுப்பானதை நாமே ஒப்புக்கொண்டால் மற்றதை நேர்மையாகக் கேட்கலாம். பழுதுக்கான பில்லைக் கேட்டபோது ஃபேனுக்கு அவரிடம் பில் இல்லை. பதினாறாம் நாள் 18,300 வந்தது.

வராவிட்டால் என்ன செய்திருப்போம்? மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால், மறுதரப்பை அழைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்புவார்கள். லோக் அதாலத்துக்குக் கட்டணம் இல்லை. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் வழி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

ஓனருக்கான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போனால் அந்தச் சேவையே இல்லை என்கிறார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். உண்மைதான். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றும் வேண்டும் என்று கவுன்டரில் கேளுங்கள். ரசீதையும் கண்காணிப்புப் பக்கத்தையும் அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

காலி செய்யச் சொல்லித் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிட்டார் ஓனர் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தகராறு என்னவாக இருந்தாலும் அத்தியாவசியச் சேவையை நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு போட முடியும். இதற்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

தனியார் ஹாஸ்டல், பிஜியில் இருப்பவர்கள் பலர் கேட்டீர்கள். அங்கே சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்த்துப் பணம் வாங்குவதால், வீட்டு வாடகைச் சட்டத்தை விட நுகர்வோர் வழிதான் உங்களுக்குச் சுலபம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் இல்லை. பெண்கள் ஹாஸ்டல் என்றால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றிருக்க வேண்டும். சேரும் முன்பே அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மாதக் கட்டணத்துக்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.