டொமைன் ஏலம்: பருத்திக்கு மில்காரர் வருவார், இதற்கு யார் வருவார்?

எங்கள் பக்கம் கோடைப் பருத்தி எடுக்கும் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கும். கோவை, திருப்பூர், தேனி பக்கமிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து, பஞ்சைக் கையில் பிய்த்துப் பார்த்து, விலையை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அந்தப் பஞ்சு எந்த மில்லுக்குப் போகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், ஏலத்துக்கு வரும்போது அப்படி இல்லை. உங்களோடு போட்டி போட்டு விலை கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலவே "அப்புறம் விற்கலாம்" என்று வந்தவர்கள், அதனால் நாலு பேர் கேட்கிறார்கள் என்பதை வைத்து அந்தப் பெயருக்குச் சந்தை இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தப்பு, மற்ற தப்புகள் எல்லாம் அதன் பின்னாலேயே வருகின்றன.

நான் செய்ததையே சொல்கிறேன். 2021ல் டிகிரி காபியை வைத்து ஒரு டாட் காம் பெயர் ஏலத்துக்கு வந்தது. பன்னிரண்டு டாலரில் ஆரம்பம். இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். முடியும் நேரம் நம்ம ஊர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. கடைசி நிமிஷத்தில் யாராவது விலை ஏற்றினால் ஏலம் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். அவன் ஏற்ற, நான் ஏற்ற, அவன் ஏற்ற, இரண்டு மணிக்கு 186 டாலரில் "ஜெயித்தேன்". அதோடு ஒரு வருஷப் புதுப்பிப்புக் கட்டணம், கார்டுக்காரர்கள் அந்நியச் செலாவணிக்குப் பிடிப்பது, வரி எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டியது. உச்ச விலையைப் பகலில், தூக்கம் வராத நேரத்தில் முடிவு செய்து, அந்த விலை வரை நமக்காகத் தானே ஏலம் கேட்கும் வசதியில் போட்டுவிட்டுப் படுத்துவிட வேண்டும். விழித்திருந்தால் ஏற்றுவோம். எதிரே ஏற்றுகிறவர் யார் என்பதும் தெரியாது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஏல நிறுவனம், தன் ஊழியரே 2005 முதல் வேறு பெயரில் உள்ளே புகுந்து விலை ஏற்றிவந்ததாக 2009ல் தானே ஒப்புக்கொண்டது.

சரி, வாங்கியாச்சு. மறுநாளே லோகோ செய்யக் கொடுக்காதீர்கள். கெடு முடிந்த பெயர்களைப் பல நிறுவனங்கள் பழைய சொந்தக்காரருக்கு மீட்க உரிமை இருக்கும்போதே ஏலத்தில் விடுகின்றன. அவர் விழித்துக்கொண்டு பணத்தைக் கட்டினால் பெயர் அவருக்கே திரும்பிப் போகும், உங்கள் காசு உங்களுக்கு வரும், அவ்வளவுதான். என் நண்பர் ஒருவர் அதற்குள் விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார்.

பெயரின் பழைய வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டால் முன்பு அந்த முகவரியில் என்ன இருந்தது என்று வருஷவாரியாகத் தெரியும். கோயில் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும், உள்ளே சூதாட்ட விளம்பரம் ஓடியிருக்கும்.

ரொம்ப ஆபத்தானது அடுத்தவர் பிராண்டைத் தொடுவது. பிரபல நகைக்கடைப் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999லேயே இதற்கென்று தகராறு விதிமுறை கொண்டுவந்துவிட்டது, டாட் இன் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸி தனியாக ஒன்று வைத்திருக்கிறது, டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2004ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரருக்கு நீங்களாகவே "ஐம்பதாயிரம் கொடுத்தால் தருகிறேன்" என்று மெயில் அனுப்பினால், அந்த மெயிலே உங்கள் கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடும். தோற்றால் பெயர் போகும், போட்ட காசுக்கு ஈடு கிடையாது.

எழுத்துக்கூட்டல் நமக்கென்றே இருக்கிற தலைவலி. தஞ்சாவூரா, டேஞ்சூரா? மயிலாடுதுறையா, மாயவரமா? ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து? அரசே 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டுவிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக எழுதுகிறாரா என்று சோதித்துப் பாருங்கள், எழுதவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரி வாங்கலாம், எனக்குப் பிடிக்கும், ஆனால் முதலீடாக வேண்டாம். மறுவிற்பனைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்புறம் வருஷாவருஷம் வருகிற செலவு. பெயர் விற்கும் நிறுவனங்களுக்கே டாட் காமின் மொத்த வியாபார விலை 2021 வரை 7.85 டாலராக இருந்தது, நான்கு முறை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 ஆனது. நம் கையில் வரும்போது அதைவிடக் கூடுதல். ஒரு பெயருக்கு 1,200 ரூபாய் என்றே வையுங்கள், முப்பது பெயர் வைத்திருந்தால் 36,000, அதுவும் ஒன்றுகூட விற்காத வருஷத்துக்கு. டாட் காமுக்குப் பதிலாக வந்திருக்கும் புதுப்புது வால்களில் சில பெயர்களுக்கு முதல் வருஷம் மலிவாக இருக்கும், புதுப்பிக்கும்போது பத்து மடங்கு கேட்பார்கள். வாங்கும் முன் அந்த விலையைப் பாருங்கள். "உங்கள் பெயரை வாங்கிக்கொள்கிறேன், முதலில் இந்தத் தளத்தில் காசு கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுங்கள்" என்று மெயில் வந்தால் அது மோசடி.

என் காபிப் பெயரைத் தூக்கிக்கொண்டு புறவழிச்சாலைக் கடைகள் நாலில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பித்தளை டவராவில் காபியை ஆற்றிக்கொண்டே முழுசாகக் கேட்டார். "நம்ம கடை கூகுள் மேப்ல இருக்கு தம்பி, வர்றவங்க அதைப் பாத்துத்தான் வர்றாங்க. இதை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?" என்றார். காபிக்குக் காசு வாங்கவில்லை.

நாலு வருஷம் கட்டிப் பார்த்துவிட்டு, போன வருஷம் புதுப்பிக்காமல் விட்டேன். பெயர் மறுபடி ஏலத்துக்கு வந்தது. எட்டிப் பார்த்தபோது 43 டாலரில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.