மலிவு விலை .22 ரிவால்வர் வாங்கலாமா? பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் 150, 200 டாலருக்குக் கிடைக்கிற சிங்கிள் ஆக்‌ஷன் .22 ரிவால்வர் (சிறிய .22 அளவுத் தோட்டா போடும், சுழலும் அறைகள் கொண்ட கைத்துப்பாக்கி) காசுக்குத் தகுந்த பொருளா என்று கேட்டால், ஆமாம், தாராளமாக வாங்கலாம் என்பேன். இந்த விலையில் முக்கியமானவை இரண்டு: ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர், 2019இல் வந்த ரூகர் ராங்ளர். வாங்கிவிட்டு நொந்துகொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் துப்பாக்கியில் பிரச்சினை இருப்பதில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று யோசிக்காமல் வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் கையேட்டைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

விலைக்கு முன்னால் விசாவைப் பாருங்கள், இதில் தவறினால் திருத்திக்கொள்ள வழியில்லை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு, வேறு சில விதிவிலக்குகளும் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது. நண்பர் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கிறேன் என்பார், வேண்டாம், அது தனிக் குற்றம், கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொன்னதாகவும் ஆகும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து பத்து தோட்டா சுடுவதையும் லேசாக எண்ண வேண்டாம், அந்த நேரத்தில் துப்பாக்கி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது, வீட்டுப் பாதுகாப்புக்கு இது போதும் என்று நினைத்து வாங்குவது. போதாது. 1873இல் கோல்ட் கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் அமைப்புதான் இதற்கும் மூலம். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது பின்பக்கச் சுத்தியலை, இழுத்துவிட்டுத்தான் டிரிகரை அழுத்த முடியும். ஆறு தோட்டா தீர்ந்தால், பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒவ்வொரு வெற்றுக் கூடாகத் தள்ளி எடுத்து, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அதோடு .22 என்பது ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டா, அதில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். எங்காவது அது சரியாகப் பரவவில்லை என்றால், அடித்தும் வெடிக்காது. காகித இலக்கு, டின் டப்பா என்று சுட்டுப் பழகும்போது இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, சொல்லப்போனால் நிதானமாகச் சுடக் கற்பதற்கு இந்த மெதுவான வேகம் ரொம்ப நல்லது. ஆபத்து வந்து நிற்கும்போது அப்படியில்லை.

கையாளும் முறையில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது, இங்கேதான் ரஃப் ரைடரும் ராங்ளரும் பிரிகின்றன. ராங்ளரில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற பாகம் உண்டு, டிரிகரை முழுதாக அழுத்தினால் மட்டுமே ஹேமரின் அடி தோட்டாவைக் குத்தும் ஊசிக்குப் போய்ச் சேரும், அதனால் ஆறு அறையையும் நிரப்பி வைக்கலாம். தோட்டா நிரப்பும்போதும் ஹேமரைத் தொட வேண்டாம், பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள உருளை) சுற்றும். ரஃப் ரைடரில் டிரான்ஸ்ஃபர் பார் இல்லை. பழைய கோல்ட் மாதிரி ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்திவைத்துத்தான் நிரப்ப வேண்டும். இடது பக்கம் ஒரு சேஃப்டி நெம்புகோல் இருக்கிறது, ஹேமரைத் தடுக்கும், சரி, ஆனால் அதைப் போட மறந்த ஒரு நாள் போதும். அதை மட்டும் நம்பி ஆறையும் நிரப்பி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பது தவறு. ஆறு அறை மாதிரியில் பழைய வழக்கமே சரி: ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நாலு போட்டு, ஹேமரை முழுதாக இழுத்து மெதுவாக இறக்கினால் காலி அறை ஹேமருக்கு நேராக வந்து நிற்கும். முதலில் வெற்றுக் கூடுகளை வைத்துக் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் பழைய ரூகர் சிங்கிள்-சிக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்துவிடக் கூடாது. 1953இல் தொடங்கிய அந்த மாதிரிக்கு 1973இல்தான் டிரான்ஸ்ஃபர் பார் வந்தது. அதற்கு முந்தையதை ரூகருக்கு அனுப்பினால் இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள்.

அப்புறம் மேக்னம் சிலிண்டர். ரஃப் ரைடரைப் பல கடைகளில் .22 எல்ஆர் (சாதாரணத் தோட்டா), .22 டபிள்யூஎம்ஆர் (சக்தி கூடிய மேக்னம் தோட்டா) என்று இரண்டு சிலிண்டரோடு விற்கிறார்கள், கூடுதல் விலையும் அதிகமில்லை, ஆகவே எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். இதில் மூன்று குழப்பம். ஒன்று, மேக்னம் சிலிண்டரில் சாதாரண எல்ஆர் தோட்டாவைப் போடுவது. அது உள்ளே போய்விடும், மேக்னத்தின் கூடு அகலமானது என்பதால் தளர்வாக உட்காரும், சுட்டால் கூடு பிதுங்கிப் பிளந்து சூடான வாயு பின்பக்கமாக வரலாம். இரண்டு, வேறொரு துப்பாக்கியின் சிலிண்டரை வாங்கிப் பொருத்திப் பார்ப்பது. ஒவ்வொரு சிலிண்டரும் அதனதன் துப்பாக்கிக்குப் பொருத்தப்பட்டது, பேரலோடு (துப்பாக்கிக் குழலோடு) நேர்கோட்டில் நிற்காவிட்டால் ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். மூன்றாவது பணம் சம்பந்தப்பட்டது: மேக்னம் தோட்டா எல்ஆரைப் போலப் பல மடங்கு விலை, மலிவாகச் சுடத்தானே இதை வாங்கினோம்? மேக்னம் கட்டாயம் வேண்டும் என்றால் 2023இல் வந்த சூப்பர் ராங்ளரைப் பாருங்கள், எஃகுச் சட்டகம், சரிசெய்யக்கூடிய குறிமுனை (குறிபார்க்கும் பாகம்), இரண்டு சிலிண்டர், அறிமுகமானபோது நிறுவனம் போட்ட விலை 329 டாலர். சாதாரண ராங்ளரில் எல்ஆர் மட்டும்தான்.

குறி தவறுகிறது என்று துப்பாக்கியைத் திட்டுகிறவர்கள் நிறைய. அடிப்படை மாதிரிகளில் குறிமுனை அசையாதது, அதனால் முதலில் மூன்று, நாலு வகைத் தோட்டா வாங்கி, கையை ஏதாவது ஒன்றில் தாங்கிவைத்துச் சுட்டுப் பாருங்கள். தோட்டா மாறினால் படும் இடமும் மாறும். எல்லாமே கீழே பட்டால், முன் குறிமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்க்கலாம், படும் இடம் மேலே வரும். மேலே பட்டால் அரத்தைத் தொடாதீர்கள், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

தோட்டா இல்லாமல் சும்மா டிரிகரை இழுத்துப் பழகலாமா என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், கையேட்டில் இருக்கும். ரிம்ஃபயரில் ஊசி அறையின் விளிம்பருகே அடிப்பதால், தடுக்க எதுவும் இல்லாவிட்டால் விளிம்பு நசுங்கி, தோட்டா உள்ளே போக மறுக்கும். சந்தேகம் இருந்தால் .22க்கான போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள். சினிமாவில் வருகிற மாதிரி உள்ளங்கையால் ஹேமரை விசிறுவது வேண்டவே வேண்டாம், உள்பாகங்கள் தேயும், தோட்டா எங்கே போகும் என்றும் தெரியாது.

விலை குறைவு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பேரலும் சிலிண்டரும் எஃகு, சட்டகம் வார்ப்புக் கலவை உலோகம். ராங்ளரில் அது அலுமினியக் கலவை, பிடியின் சட்டம் துத்தநாகக் கலவை. .22 எல்ஆரின் அழுத்தத்துக்கு இது தாங்கும், 700 டாலருக்கு மேல் போகிற சிங்கிள்-சிக்ஸின் வழுவழுப்பை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இல்லினாய் மாநிலத்தில் இருப்பவர்கள் இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் உள்ளூர்க் கடையில் கேளுங்கள். 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் துத்தநாக வார்ப்புச் சட்டகம் கொண்ட கைத்துப்பாக்கியை அங்கே கடைக்காரர் விற்க முடியாது.

இரண்டில் எது என்றால் நான் ராங்ளர் என்பேன், கூடுதலாகக் கொடுக்கும் ஐம்பது சொச்சம் டாலர் டிரான்ஸ்ஃபர் பாருக்காகவே தகும். குறிப்பாக வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுத்தரப் போகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். .22தானே என்று காதடைப்பும் கண்ணாடியும் இல்லாமல் அவர்களை நிற்கவைக்காதீர்கள், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகச் சத்தமும் சூடான வாயுவும் வரும், விரல் அந்தப் பக்கம் போகவே கூடாது. பல .22 தோட்டாக்கள் மேலுறை இல்லாத ஈயம், சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. கைத்துப்பாக்கி விற்கும்போது கடைக்காரர் ஒரு பூட்டும் தர வேண்டும் என்பது சட்டம், அதை வாங்கிய அன்றே மாட்டுங்கள், தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.