பால்வாடியை விட்டுவிட்டுக் குலுக்கலை நம்பலாமா?

மூன்று வயதுப் பிள்ளையைப் பணம் கட்டாமல் படிக்க வைக்க தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று அங்கன்வாடி, ஊர்ப் பேச்சில் இன்னும் பால்வாடிதான். அடுத்தது, 2019 ஜனவரியில் மாநிலம் முழுவதும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கப்பட்ட அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். மூன்றாவது, 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்கள்.

பெரும்பாலான பெற்றோரின் கண் மூன்றாவதன் மேல்தான். அந்த இடம் கிடைக்கும் வரை பிள்ளை பாட்டியோடு வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் அறிந்த தவறுகளில் இதுதான் பெரியது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். அதில் யார் பெயர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கமாகக் கோடையில் நடக்கும் இந்தச் சேர்க்கை, மத்திய அரசின் நிதி வராததால் 2025-இல் அக்டோபரில்தான் தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கல்வியாண்டின் முதல் சில மாதங்கள் வீணாயின. விண்ணப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும் அங்கன்வாடியில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

"அங்கே என்ன படிப்பு, சோறுதானே போடுகிறார்கள்" என்ற பேச்சை காரிமங்கலத்திலும் கேட்கலாம், ஊத்தங்கரையிலும் கேட்கலாம். சோறு போடுவதை ஏன் இளக்காரமாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் புரிவதில்லை. வாரத்தில் மூன்று நாள் முட்டை, ஒரு நாள் பயறு அல்லது கொண்டைக்கடலை, ஒரு நாள் உருளைக்கிழங்கு, எடை பார்த்துக் குறித்து வைத்தல் என்று கவனிக்கும் தனியார் நர்சரி எது? படிப்பும் நடக்கிறது, பாட்டு, கதை, விளையாட்டு என்ற வடிவில் நடப்பதால் நம் கண்ணுக்குப் படிப்பாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளும் உண்டு. இந்தப் பிள்ளைகளில் பலர் நாள்தோறும் தமிழைக் கேட்டுப் பழகுவதே அங்கன்வாடியில்தான். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டு நேரே ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பிள்ளை, டீச்சர் சொல்வதே புரியாமல் திணறும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கொண்டுவிடுவதும், முட்டை நாளில் மட்டும் அனுப்புவதும் இதே இழப்பைத்தான் தரும்.

எல்லா மையங்களும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். கட்டடம் ஒழுகினாலோ கழிவறை இல்லாவிட்டாலோ பிள்ளையை நிறுத்திவிடாமல், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

வேலைக்காகப் பெங்களூருக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளையைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்கின்றன. கர்நாடகத்திலும் அங்கன்வாடி உண்டு, அங்கும் இலவசம்தான். இங்குள்ள பணியாளரிடம் சொல்லிவிட்டுப் போய், அங்கே பெயரைப் பதியலாம்.

இனி 25 சதவீத இடத்துக்கு வருவோம். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைக் கிராமங்கள் பலவற்றில் அந்தத் தூரத்துக்குள் தனியார் பள்ளியே கிடையாது. அதற்காக டவுனில் உள்ள உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் சான்று சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்கள் நிறைய. அந்த வரம்பு, வருமானத்தை மட்டும் வைத்து விண்ணப்பிக்கும் நலிவடைந்த பிரிவினருக்கு மட்டுமே. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகின்றன. அவர்களுக்குச் சாதிச் சான்று போதும். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும், ஆதரவற்ற குழந்தைக்கும், தூய்மைப் பணியாளரின் குழந்தைக்கும் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. இதைப் பலர் கேட்டதே இல்லை.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் இருக்கும் இடம் காலியாகக் கிடக்கிறதா? பெயர் வைப்பதற்கு முன்பே சான்றிதழ் வாங்கிப் பெட்டியில் வைத்த வீடுகளில் இது சகஜம். ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை முடியும். பிரசவம் பெங்களூரில் நடந்திருந்தால் பதிவும் அங்கேதான். கடைசி வாரத்தில் பஸ் ஏறினால் வேலை நடக்காது. வருமானச் சான்றும் அப்படித்தான். மாங்காய் சீசன் கூலி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

இணைய விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் உதவுவார்கள். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவதானால் உங்கள் சொந்த மொபைல் எண்ணையே கொடுங்கள். தேர்வான செய்தி கடைக்காரரின் எண்ணுக்குப் போய் இடம் பறிபோக வேண்டாம்.

பிள்ளையை நேர்காணலுக்குத் தயார் செய்வது இன்னொரு வீண் வேலை. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துப் பார்ப்பதைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை. வேன் கட்டணம், சீருடை என்று பள்ளி எதைக் கேட்டாலும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புகாருக்குப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கட்டி அதே பள்ளியில் தொடர்வதா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவதா என்ற கேள்வி அப்போது வரும். ஒன்பது முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு இந்தப் பிள்ளைகளும் தகுதி பெறுவார்கள். 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளை என்று அப்போது காட்ட, எல்.கே.ஜி. சேர்க்கைக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.