காலேஜ் சேர்ற புள்ளைக்கு லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

கேரளா எல்லையில, பாலக்காடு பக்கத்துல இருக்கற கொழிஞ்சாம்பாறையில நான் வெச்சிருக்கறது டிடிபி, பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் போடற சின்ன கடைங்க, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து காலேஜ் அப்ளிகேஷன் போட வர்ற அப்பா அம்மா எல்லாரும் கெளம்பறப்ப கேக்கற ஒரே கேள்வி, தம்பி புள்ளைக்கு லேப்டாப் வாங்கறதா டெஸ்க்டாப் வாங்கறதா. இந்த வருசம் பக்கத்து தோட்டத்து அக்கா தேங்கா போட்ட காசு அம்பதாயிரம் கையில இருக்கு எது வாங்கலாம் சொல்லுன்னாங்க. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், "அக்கா, பொண்ணு எங்க தங்கிப் படிக்கப் போறா?" அது இன்னும் முடிவாகலைன்னாங்க. அப்ப கம்ப்யூட்டரும் இப்ப முடிவு பண்ண முடியாதுக்கா, காச பத்தரமா வெச்சிருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஏன்னா எல்லாரும் மெஷினப் பத்தியே பேசறாங்க, புள்ள எந்த எடத்துல உக்காந்து வேல செய்யும், அங்க கரண்டு எப்படி, ராத்திரி எங்க படுக்கும், இத யாரும் யோசிக்கறதில்ல. நம்ம பக்கத்து புள்ளைங்க சித்தூர் காலேஜ், பாலக்காடு விக்டோரியா, இல்லைன்னா எல்லை தாண்டி கோயமுத்தூர்னு மூணு தெசையா போகுது. சில புள்ள வேலந்தாவளம் வழியா தெனம் பஸ்ல போய் வரும், சிலது ஹாஸ்டல்ல தங்கும்.

ஹாஸ்டல்னா யோசிக்கவே வேண்டாம், லேப்டாப் தான். ஒரு ரூம்ல மூணு நாலு பேரு, ஆளுக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் கெடைக்கறதே பெருசு, டேபிள் ஒரு மொழம் அகலம் இருக்கும், லீவுக்கு ரூம காலி பண்ணச் சொன்னா மானிட்டரத் தலையில வெச்சு கொண்டு வர முடியுமா. வீட்டுல இருந்து போய் வர்ற புள்ளைக்குத் தான் இந்தக் கேள்வியே.

அப்படி வீட்டுல இருந்து போற புள்ளைக்கு மொதல்ல பாக்க வேண்டியது இடியும் கரண்டும். ஐப்பசி மழை, மலையாளத்துல துலாவர்ஷம்னு சொல்றது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மேகம் கூடி சாயங்காலம் இடி இடிச்சு ஊத்தும், சித்திரை வைகாசிலயும் அப்படித்தான், அது கரெக்டா புள்ள காலேஜ் விட்டு வந்து உக்கார்ற நேரம். எங்க கடையிலயே ஒரு தடவ இடி சத்தம் கேட்டு மெயின் ப்ளக்க எல்லாம் புடுங்கி வெச்சுட்டோம், யுபிஎஸ்ஸும் ஆஃப், பத்திரமா இருக்குன்னு நெனச்சோம், ஆனா மோடத்துல இருந்து வர்ற நெட் கேபிள கழட்ட மறந்தாச்சு, மோடம் மட்டும் ப்ளக்ல கெடந்திருக்கு, அது வழியா ஏறி மதர்போர்டு போச்சு. தெறந்து பாத்தா கேபிள் சொருகற எடத்துல சின்னதா கருப்பு பொட்டு, ஒரு கருகின வாசம், அவ்வளவு தான், எட்டாயிரம் ரூபா. அதனால டெஸ்க்டாப் வாங்கறவங்க இடி நேரத்துல ப்ளக்கையும் கழட்டணும் நெட் கேபிளையும் கழட்டணும், வைஃபைல ஓட்டினா இன்னும் நல்லது. லேப்டாப்னா சார்ஜரக் கழட்டிட்டு பேட்டரியில படிச்சுட்டே இருக்கலாம், நம்ம ஊருக்கு இது சின்ன விசயமில்லைங்க.

இன்னொண்ணு எர்த்து. தோட்டத்து வீடுகள்ல பழைய வயரிங்ல எர்த்து இருக்கறதே இல்ல, இருந்தாலும் கம்பி துருப்புடிச்சு போயிருக்கும். டெஸ்க்டாப் கேபினட்ட தொட்டா, இல்ல சார்ஜ் போட்ட மெட்டல் பாடி லேப்டாப்ப கையால தடவினா சுள்ளு சுள்ளுனு எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா மெஷின்ல கோளாறுன்னு கடைக்கு ஓடாதீங்க, மொதல்ல எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு எர்த்து பாக்கச் சொல்லுங்க. போர் மோட்டர் போடறப்ப லைட்டு மங்குதுல்ல, அந்த வோல்டேஜ் எறக்கத்துல டெஸ்க்டாப் பட்டுனு ரீஸ்டார்ட் ஆகிரும், புள்ள ரெண்டு மணி நேரம் அடிச்ச ரெக்கார்ட் போயிரும். அதுக்கு 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு கட்டாயம் வேணும், சாதாரண டெஸ்க்டாப்புக்கு அது பத்து பதினஞ்சு நிமிசம் தாங்கும், சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்கு தான் அது, உக்காந்து வேல செய்யறதுக்கு இல்ல.

கரண்ட் பில்லுக்கு பயப்படறவங்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண டெஸ்க்டாப் மானிட்டரோட சேத்து 100 வாட்னு வெச்சுக்கங்க, தெனம் ஆறு மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல 36 யூனிட், லேப்டாப் 30 வாட்னா 11 யூனிட் கிட்ட. இதுக்காக ஒண்ண விட்டு ஒண்ண வாங்கற அளவுக்கு பெரிய வித்தியாசம் இல்ல.

இப்ப படிப்பு. பிகாம், பிஏ, கணக்கு இதுக்கெல்லாம் வேர்டு, எக்செல், டேலி, ப்ரௌசர் ஓடினா போதும், சாதாரண ஐ3 இல்ல ரைசன் 3 ப்ராசசர் தாராளம். தமிழ் எடுத்துப் படிக்கிற புள்ளைக்கு தனியா சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம், தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் விண்டோஸ்லயே இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்னா ஐ5 இல்ல ரைசன் 5, கூட 16 ஜிபி ராம் வேணும், மொபைல் ஆப் செய்யற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தெறந்து பக்கத்துல ப்ரௌசர் பத்து டேப் போட்டா 8 ஜிபி தெணறிரும். மெக்கானிக்கல், சிவில் புள்ளைங்க கவனிங்க, டிசைன் போடற சாஃப்ட்வேர் சாலிட்வொர்க்ஸ், ரெவிட் ரெண்டும் விண்டோஸ்ல மட்டும் தான் ஓடும், அழகா இருக்குன்னு மேக்புக் வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் லேப் சாயங்காலம் எப்ப தெறப்பாங்கன்னு காத்துக் கெடக்க வேண்டாம். நம்ம கேரளா ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களுக்கு கைட் (ஸ்கூல் கம்ப்யூட்டர் வேலயப் பாக்கற கேரளா அரசு நிறுவனம்) குடுத்த லினக்ஸ் தான், அதாவது விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச சிஸ்டம் தான் பழக்கம், அது நல்ல பழக்கம், கோடிங் படிக்கறப்ப ரொம்ப கை குடுக்கும், விண்டோஸ் பழகறது ஒரு வாரத்து வேல. ஆர்க்கிடெக்சர், அனிமேசன், வீடியோ எடிட்டிங் எடுக்கற புள்ள வீட்டுல இருந்து போய் வந்துச்சுன்னா அங்க தான் நான் தைரியமா டெஸ்க்டாப் வாங்குங்கன்னு சொல்லுவேன், செஞ்ச படத்த முழுசா உருவாக்கற ரெண்டர் வேலய ராத்திரி முழுக்க போட்டு விட்டு படுக்கலாம், நம்ம பக்கம் பங்குனி சித்திரைல 40 டிகிரி அடிக்கற வெயில்ல லேப்டாப்ல அந்த வேலய போட்டா சூடு தாங்காம தானே வேகத்தக் கொறச்சுக்கும்.

இங்க ஒரு ஏமாத்தம் இருக்கு. டெஸ்க்டாப் ஐ5ம் லேப்டாப் ஐ5ம் பேரு தான் ஒண்ணு, வேல ஒண்ணு இல்ல. ப்ராசசர் பேரோட கடைசி எழுத்தப் பாருங்க, யூன்னு இருந்தா பெரும்பாலும் 15 வாட் கிட்ட ஓடற மாதிரி செஞ்சது, பேட்டரி நிக்கும் ஆனா கனமான வேலைக்கு மூச்சு வாங்கும், ஹெச்சுன்னு இருந்தா பல மாடல்ல 45 வாட், வேகம் உண்டு ஆனா சூடும் ஃபேன் சத்தமும் உண்டு. டெஸ்க்டாப்ல இருக்கற சாதாரண ஐ5 65 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான், என்விடியா 4050ன்னு ஸ்டிக்கர் ஒண்ணா இருக்கும், ஒரு லேப்டாப்ல அதுக்கு 50 வாட் குடுத்திருப்பான் இன்னொண்ணுல 100 வாட் குடுத்திருப்பான், கடைக்காரர்ட்ட எத்தன வாட்னு கேட்டே வாங்கணும்.

ராம் பத்தி கொஞ்சம் கூடவே சொல்றேன். இப்ப வர்ற மெலிசான லேப்டாப் நெறையாத்துல ராம் போர்டோட சேத்து ஈயம் போட்டு ஒட்டி வருது, பின்னாடி கூட்ட முடியாது. "ஸ்லாட் இருக்கா, எத்தன, ஒண்ணு காலியா இருக்கா" இத மூணும் கேளுங்க. 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்ப மொத்தமா அள்றதால ராம் வெல கண்டபடி ஏறிப்போச்சு, அதனால இப்ப 8 வாங்கி அப்புறம் கூட்டிக்கலாம்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல, முடிஞ்சா ஆரம்பத்துலயே 16 இருக்கறதா பாருங்க.

டெஸ்க்டாப் வெல கம்மின்னு எல்லாரும் சொல்லுவாங்க, கொட்டேசன்ல பாத்தா கம்மி தான். ஆனா கடைசில மேல மேல ஏறும், யுபிஎஸ், வைஃபை அடாப்டர், கேமரா, மைக், ஸ்பீக்கர், அசெம்பிள் பண்ணினா விண்டோஸ் லைசென்ஸ் தனி, அப்புறம் டேபிள் சேர். எங்க அண்ணன் பையனுக்கு 38 ஆயிரத்துல கொட்டேசன் வாங்கி எல்லாம் முடிச்சு வீட்டுல வெச்சப்ப 49 ஆச்சு. அதே நேரத்துல ஒண்ணு சொல்லணும், டெஸ்க்டாப்ல ஒரு பாகம் போனா அந்த பாகத்த மட்டும் மாத்தலாம், எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்டு குடுக்கற பெட்டி) போனா எஸ்எம்பிஎஸ், கீபோர்டு போனா அஞ்சு நிமிசம். லேப்டாப்ல கீபோர்டு மேல டீ கொட்டினாலே மதர்போர்டு வரைக்கும் எறங்கிரும். ஆனா எஸ்எம்பிஎஸ்ல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க, மட்டமானது வெடிச்சா கூட இருக்கறதையும் கூட்டிட்டுப் போகும்.

பஸ்ல லேப்டாப் கொண்டு போற புள்ளைக்கு ஒரே ஒரு வெவரம் சொல்லிக் குடுங்க. டிபன் பாக்ஸும் லேப்டாப்பும் ஒரே அறையில வெக்கக் கூடாது. காலைல கோயமுத்தூர் பஸ்ஸு கூட்டத்துல பேக்க நெஞ்சோட அமுக்கிப் புடிச்சு நிக்கறப்ப அந்த எவர்சில்வர் டப்பா விளிம்பு ஸ்க்ரீன் நடுவுல அமுங்கும், வெளிய ஒரு கீறல் இருக்காது, தெறந்தா உள்ள சிலந்தி வல மாதிரி விரிஞ்சிருக்கும், இந்த மாதிரி மூணு லேப்டாப் என் கடைக்கே வந்திருக்கு. மூடிய ஒரு மூலையப் புடிச்சு தெறக்காம நடுவுல புடிச்சு தெறக்கணும், இல்லைன்னா ஒரு வருசத்துல ஒரு பக்கத்து ஹிஞ்ச், அதாவது கீல், ஒடஞ்சிரும். மெத்தை மேல வெச்சு ஓட்டக் கூடாது, அடியில இருக்கற காத்து ஓட்டை அடைஞ்சுரும், ஒரு பலகை போதும்.

வீட்டுல இருந்து போற பெரும்பாலான புள்ளைக்கு நான் சொல்றது இது தான், ஒரு நல்ல நடுத்தர லேப்டாப் வாங்குங்க, ஆறு மாசம் கழிச்சு காசு கெடச்சா 22 இல்ல 24 இன்ச் மானிட்டரும் ஒரு சாதா கீபோர்டு மவுசும் வாங்கி வீட்டு டேபிள்ல வெச்சிருங்க, ஹெச்டிஎம்ஐ கேபிள சொருகினா அது டெஸ்க்டாப், கழட்டினா லேப்டாப். குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலி வர்றதும் நிக்கும், கண்ணுக்கும் சிரமம் கம்மியாகும். நாள் பூரா சார்ஜர்ல கெடக்கறதால செட்டிங்ஸ்ல சார்ஜ் 80 சதவீதத்துல நிக்கற மாதிரி போட்டுருங்க, பேட்டரி கூட நாள் வரும்.

காசு ரொம்ப கம்மின்னா பழைய ஆபீஸ் லேப்டாப் தப்பில்ல, திங்க்பேடு, லாட்டிட்யூடு மாதிரி கம்பெனிகள்ல ஓடினது கெட்டியா இருக்கும். ஆனா இன்டெல்னா 8ம் ஜெனரேசனுக்கு கீழ வாங்காதீங்க, விண்டோஸ் 11 அதுல முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லி புதுசுல பேட்டரி கொள்ளளவு எத்தன இருந்துச்சு இப்ப ஃபுல் சார்ஜ் எத்தன நிக்குதுன்னு ரெண்டு நம்பரையும் பாருங்க, பாதிக்கு கீழ இருந்தா புது பேட்டரி காச வெலையில கழிக்கச் சொல்லுங்க.

எப்ப வாங்கறது? காலேஜ் தெறந்து ஒரு மாசம் போகட்டும், என்ன சாஃப்ட்வேர் வேணும்னு வாத்தியார் சொல்லுவாங்க, சீனியர் புள்ளைங்க சொல்லும். அதுக்குள்ள ஓணம் வந்துரும், நம்ம பக்கத்து கடைகள்ல நல்ல ஆஃபர் அப்ப தான். தமிழ்நாட்டு அரசு காலேஜ்ல சேர்றதா இருந்தா ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க, 2026 ஜனவரில அங்க கல்லூரி புள்ளைங்களுக்கு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்க, நம்ம புள்ளைக்கு உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்காம காச எறக்க வேண்டாம். கோயமுத்தூர்ல வாங்கினா வாரண்டி பாலக்காட்டுல செல்லாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, பெரிய கம்பெனி வாரண்டி இந்தியா முழுக்க ஒண்ணு தான், 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம் வரியும் ரெண்டு பக்கமும் 18 சதவீதம் தான், வாளையார் தாண்டி வாங்கறதுல பெரிய லாபமும் இல்ல நட்டமும் இல்ல. சர்வீஸ் சென்டர் நம்ம வீட்டுக்கு எது கிட்டன்னு மட்டும் பாருங்க.

அந்த அக்கா போன வாரம் மறுபடி வந்தாங்க, பொண்ணுக்கு கோயமுத்தூர்ல பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டல். அப்ப லேப்டாப் தான்க்கான்னு சொல்லி ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், ரைசன் 5, 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேத்து வெக்கற எடம்), ஒண்ணேமுக்கா கிலோவுக்கு மேல வேண்டாம், ஸ்க்ரீன் எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் தெளிவா தெரியற ஐபிஎஸ் வகையான்னு கேக்கணும், சைடுல இருந்து பாத்தா வெளுத்துப் போகுதான்னு நின்னு பாக்கணும். கடையிலயே ஆன் பண்ணி, எல்லா கீயும் ஒரு தடவ அமுக்கி, சார்ஜர் சொருகி, கேமரா தெறந்து பாத்துட்டு, பில்லுல எழுதியிருக்கற சீரியல் நம்பரையும் லேப்டாப் அடியில ஒட்டியிருக்கற நம்பரையும் ஒத்துப் பாத்ததுக்கு அப்புறம் பஸ் ஏறச் சொல்லியிருக்கேன்.