வாசல் வால்வை அடைத்தும் தண்ணீர் நிற்காதது ஏன்?

பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் ஒரு நள்ளிரவு, குளியலறைக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. மாமா வாசலுக்கு ஓடி, மீட்டரை ஒட்டிய வால்வை இறுக அடைத்தார். தண்ணீர் நிற்கவில்லை. மாடியில் இருந்த 1000 லிட்டர்த் தொட்டி காலியான பிறகுதான் நின்றது. அதற்குள் கூடத்தில் படுத்திருந்த ஆச்சியின் பாய் நனைந்துவிட்டது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். தாமிரபரணித் தண்ணீர் நாள் முழுவதும் குழாயில் வருவதில்லை. வரும் நேரத்தில் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறோம். மீட்டர் வால்வு தெருவிலிருந்து வரும் தண்ணீரை மட்டுமே நிறுத்தும். வீட்டுக்குள் குழாய் உடைந்தால் அடைக்க வேண்டியது, மாடித் தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் குழாயில் உள்ள வால்வு. சமையலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று சில வீடுகளில் இரண்டு மூன்று இருக்கும். எது எதற்கு என்று இன்றே அடைத்துப் பார்த்து, பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்டும்போது மீட்டர்க் குழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவசரத்துக்குக் கடப்பாரையா தேடுவது? தூக்கி எடுக்கக்கூடிய மூடி ஒன்று கட்டாயம் வேண்டும்.

வட்டக் கைப்பிடி உள்ளது கேட் வால்வு. வலப்பக்கமாகப் பல சுற்றுச் சுற்றினால்தான் அடையும். பல ஆண்டுகள் தொடாமல் விட்டால் உப்பும் துருவும் ஏறி இறுகிப்போகும். அப்போது ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்தால் சிறு கசிவு பெருஞ்செலவாகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு முறை, ஆடியில் ஒரு முறை அடைத்துத் திறந்தால் இறுகாது. பாதி திறந்தபடியும் விடக்கூடாது. உள்ளே இருக்கும் தகடு அதிர்ந்து தேயும். மாற்றுவதானால் நெம்புகோல் வைத்த பால் வால்வு நல்லது. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தெருத் தண்ணீர் வரும் நேரத்தில், மீட்டரைத் தாண்டி வீட்டுப்பக்கம் உள்ள வால்வை அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதன் சின்னச் சக்கரம் இன்னும் சுழன்றால் வால்வு சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது இடையில் கசிவு இருக்கிறது. மீட்டருக்குத் தெருப்பக்கம் உள்ள இணைப்பில் மட்டும் நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. தெருவில் வெள்ளம் ஏறும்போதே மீட்டர் வால்வை அடைத்துவிடுங்கள். விரிசல் விட்ட குழாய்களில் சாக்கடை நீர் கலந்திருக்கலாம். வடிந்த பிறகு நேராகத் தரைத்தொட்டிக்குத் திறப்பதுதான் பெரிய தவறு. வாசல் குழாயில் கலங்கல் போகும்வரை வெளியே விடுங்கள். தரைத்தொட்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், அதை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே திறக்க வேண்டும்.